வாசகர் கேள்வி-பதில்: டேட்டா சென்டர் ஸ்டோரேஜ் கருவிகளைச் சேதமின்றி இடம்மாற்றுவது எப்படி?

சர்வர்களையும், பல ஹார்டு டிஸ்குகளில் தரவைச் சேமித்துவைக்கும் ஸ்டோரேஜ் பெட்டிகளையும் ஊர்விட்டு ஊர் கொண்டுசெல்வது குறித்துச் சில மாதங்களாக வந்து சேர்ந்த கடிதங்களுக்கு இந்த இதழில் மொத்தமாகப் பதில் அளிக்கிறோம். ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் பதினோர் ஆண்டுகளாகச் சேர்ந்த எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் 24 ஹார்டு டிஸ்குகள் கொண்ட ஒரு ஸ்டோரேஜில் இருக்கின்றன. அதைச் சென்னையில் உள்ள ஒரு டேட்டா சென்டருக்கு மாற்ற நிர்வாகம் முடிவு செய்துள்ளது. “ரெய்டு-6 போட்டிருக்கிறது, இரண்டு டிஸ்க் போனாலும் தரவு போகாது, எங்கள் டெம்போவிலேயே ஏற்றிவிடலாம்” என்கிறார் விற்பனையாளர். அவர் சொல்வதை நம்பலாமா?
– கணினிப் பிரிவுப் பொறுப்பாளர், மதுரை

பதில்: ரெய்டு என்பது, சில டிஸ்குகள் பழுதானாலும் தரவு மிஞ்சும்படி அதைப் பல டிஸ்குகளில் பகிர்ந்து எழுதும் ஏற்பாடு. அதில் ரெய்டு-6 இரண்டு டிஸ்குகளின் இழப்பைத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் அந்தக் கணக்கு, டிஸ்குகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், ஒவ்வொன்றாக, வெவ்வேறு நாட்களில் பழுதாகும் என்ற எதிர்பார்ப்பின் மேல் நிற்கிறது. அறையில் அசையாமல் நிற்கும் பெட்டிக்கு அது பெரும்பாலும் பொருந்தும். அதே பெட்டி டெம்போவில் ஏறிய கணத்திலிருந்து 24 டிஸ்குகளும் ஒரே பள்ளத்தில் இறங்கி, ஒரே வேகத்தடையில் குதித்து, ஒரே வெயிலில் காய்கின்றன. வண்டி கவிழ்ந்தால் எல்லாம் சேர்ந்தே கவிழ்கின்றன. ஆகவே பயணத்தின்போது ரெய்டைப் பாதுகாப்பாகக் கருதவே கூடாது. பாதுகாப்பு என்பது வண்டியில் ஏறாத இன்னொரு பிரதி மட்டுமே. இந்தப் பகுதியில் வேறெதையும் நீங்கள் படிக்காவிட்டாலும் இதை மட்டும் நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லுங்கள்.

எனவே முதல் வேலை, முழுப் பிரதி ஒன்றை எடுத்து மதுரையிலேயே வைத்துவிடுவது. பிரதி எடுத்தாயிற்று என்று மென்பொருள் பச்சை விளக்குக் காட்டுவது போதாது. பழைய ஆண்டு ஒன்று, நடு ஆண்டு ஒன்று, சென்ற வாரம் எடுத்தது ஒன்று எனச் சில நோயாளிகளின் படங்களை அந்தப் பிரதியிலிருந்து மீட்டெடுத்து, கதிரியக்க மருத்துவர் ஒருவரையே திரையில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். புதிய இடத்தில் ஸ்டோரேஜ் எழுந்து, தரவு முழுவதும் சரிபார்க்கப்பட்டு, சில வாரங்கள் ஓடிய பிறகே அந்தப் பிரதியைக் கலைக்கலாம். பிரதி வைக்கக் கூடுதல் டிஸ்க் வாங்கப் பணம் இல்லை என்று நிர்வாகம் சொன்னால், பெட்டியை இடம்மாற்றவும் பணம் இல்லை என்றே அதற்குப் பொருள்.

இரண்டாவது, புறப்படுவதற்கு ஓரிரு வாரங்களுக்கு முன்பே எல்லா டிஸ்குகளையும் முழுமையாக வாசித்துப் பார்க்கும் சரிபார்ப்பை ஓட்டிவிடுங்கள். வெகுநாளாகத் தொடப்படாத பகுதிகளில் வாசிக்க முடியாத இடங்கள் ஒளிந்திருக்கும். ரெய்டு ஒரு டிஸ்கை இழந்து, மற்றவற்றிலிருந்து அதை மறுபடியும் உருவாக்க முயலும்போதுதான் அவை வெளிப்படும். சந்தேகத்துக்குரிய டிஸ்குகளை இங்கேயே மாற்றிவிட்டால், முன்பே பழுதாகியிருந்த டிஸ்க் எது, பயணம் பழுதாக்கிய டிஸ்க் எது என்ற குழப்பமும் சென்னையில் இராது.

மூன்றாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் நிற்காமல் சுழன்ற பழைய டிஸ்குகளில் சில, ஒருமுறை நிறுத்திக் குளிரவிட்டால் மீண்டும் எழுவதில்லை. பழைய பவர் சப்ளைகளுக்கும் இது நேரும். அந்தச் சோதனை லாரிக்குப் பிறகு நடக்கக் கூடாது. மாற்று டிஸ்கும் பழகிய ஆட்களும் இருக்கும் உங்கள் அறையிலேயே நடக்க வேண்டும். பிரதி எடுத்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை முறைப்படி நிறுத்தி, சில மணி நேரம் ஆறவிட்டு, மறுபடி இயக்கிப் பாருங்கள். நிறுத்தும்போது ஸ்விட்சை அணைப்பதோடு விடாமல், மென்பொருள் வழியே நிறுத்த வேண்டும். டிஸ்குகளை நிர்வகிக்கும் கன்ட்ரோலரின் தற்காலிக நினைவகத்தில் இன்னும் டிஸ்கில் எழுதப்படாத தரவு தங்கியிருக்கலாம்.

டிஸ்குகளைப் பெட்டியோடு விட்டு அனுப்புவதா, கழற்றி அனுப்புவதா என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான ஒரு விடை இல்லை. உங்கள் ஸ்டோரேஜின் கையேட்டில் தயாரிப்பாளர் சொல்லியிருப்பதே முதல் சட்டம். என் கருத்தைக் கேட்டால், 24 டிஸ்குகளுக்கும் அதற்கு மேலும் போகும் பெட்டிகளில் கழற்றி அனுப்புவதையே தேர்ந்தெடுப்பேன். டிஸ்க் ஒன்று சுமார் 700 கிராம். 24 என்றால் ஏறத்தாழ 17 கிலோ. 60 டிஸ்க் பெட்டியாக இருந்தால் டிஸ்குகள் மட்டுமே 42 கிலோ ஆகும். இந்த எடை ஒவ்வொரு குலுக்கலிலும் பின்புறத்து இணைப்புப் பலகையின் மேல் முட்டிக்கொண்டே போகும். கழற்றினால் தூக்குவதும் எளிது. மனிதர்கள் எளிதாகத் தூக்கும் பொருளே தவறி விழாமல் போய்ச் சேரும். மின்சாரத்தை நிறுத்தியவுடன் உருவிவிடாதீர்கள். உள்ளே தட்டுகள் சுழன்று ஓயும்வரை ஒரு நிமிடமாவது பொறுத்திருங்கள்.

கழற்றும் முன் முன்பக்கத்தைப் படம் எடுத்து, ஒவ்வொரு டிஸ்கின் ட்ரேயிலும் பெட்டி எண்ணையும் ஸ்லாட் எண்ணையும் ஒட்டி, அதன் வரிசை எண்ணோடு ஒரு தாளில் பதிவு செய்யுங்கள். இன்றைய கன்ட்ரோலர்கள் பலவும் டிஸ்கிலேயே எழுதப்பட்ட குறிப்பைக் கொண்டு வரிசையைத் தாமே கண்டுகொள்ளும் என்பது உண்மைதான். நான் உடனிருந்த ஒரு இடமாற்றத்தில் அதை நம்பி யாரும் எண் எழுதவில்லை. போன இடத்தில் கன்ட்ரோலர் பழுதாகி வேறொன்றைப் பொருத்த வேண்டி வந்தபோது, எந்த டிஸ்க் எங்கே இருந்தது என்று சொல்ல ஆளில்லாமல் இரண்டு இரவுகள் போயின. ஒட்டுத்தாள் எழுத அரை மணி நேரம் போதும்.

மதுரையிலிருந்து சென்னை சுமார் 460 கிலோமீட்டர். சாதாரண டெம்போவின் பட்டைவில் சஸ்பென்ஷன், பாரம் ஏற்றும்போதுதான் ஓரளவு அமைதியாக ஓடும். முக்கால் பங்கு காலியாக ஓடினால் துள்ளும். ஏர் சஸ்பென்ஷன் உள்ள மூடிய வண்டியை வாடகைக்கு எடுங்கள். பெட்டிகளைப் பின் அச்சுக்கு மேலேயோ வண்டியின் கடைசியிலோ வைக்காமல், இரண்டு அச்சுகளுக்கும் நடுவே வைத்துப் பட்டையால் கட்டுங்கள். வழியில் வேறு சரக்கு ஏற்றக் கூடாது என்பதை எழுத்திலேயே பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கிளை அலுவலகத்திலிருந்து எட்டு ஹார்டு டிஸ்குகளைப் பபுள் ராப்பில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கிக் கூரியரில் அனுப்பினேன். பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் இரண்டு டிஸ்குகள் இயங்கவில்லை. உள்ளே இருப்பது உடைய வெளியே அடி தெரிய வேண்டாமா?
– வாசகி ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: வேண்டியதில்லை. விழும் பொருளுக்கு நேரும் அதிர்ச்சியைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் மடங்காக, ‘ஜி’ என்ற அலகில் சொல்வது வழக்கம். அதன் சராசரியை நாமே கணக்கிடலாம்: எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது என்பதை, எவ்வளவு தூரத்துக்குள் நின்றது என்பதால் வகுத்தால் போதும். 75 சென்டிமீட்டர் உயர மேசையிலிருந்து சிமெண்டுத் தரையில் விழுந்த டிஸ்க் ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், 750 ஜி. அதே டிஸ்க், 3 சென்டிமீட்டர் அமுங்கிக் கொடுக்கும் நுரையின் மேல் விழுந்தால், 25 ஜி. உச்ச அளவு இந்தச் சராசரியைவிடக் கூடுதலாகவே இருக்கும். இரு மடங்கு என்று வைத்துக்கொண்டாலும் வித்தியாசம் எத்தகையது என்பது விளங்கும். டேட்டா சென்டர்களில் பயன்படும் 3.5 அங்குல டிஸ்குகள், நிறுத்தப்பட்ட நிலையில், 2 மில்லிவினாடி நீடிக்கும் அதிர்ச்சியில் சுமார் 200 முதல் 300 ஜி வரை தாங்கும் எனத் தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். ஓடும் நிலையில் அந்த எல்லை 70 ஜி அளவிலோ அதற்கும் கீழோ இருக்கும். ஏனென்றால் ஓடும்போது வாசிப்புத் தலை, நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். நிறுத்தியதும் அந்தத் தலை தட்டைவிட்டு விலகி, ஓரத்தில் உள்ள சாய்தளத்தில் ஏறி ஒதுங்கிக்கொள்கிறது.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் தெரியும்: டிஸ்க் உயரத்திலிருந்து விழ வேண்டியதே இல்லை. ஒரு முனையை 3 சென்டிமீட்டர் தூக்கிக் கடினமான மேசையில் விட்டால், அந்த முனை பத்தில் ஒரு மில்லிமீட்டரில் நின்றுவிடுமானால், அங்கே 300 ஜி. உங்கள் இரண்டு டிஸ்குகள் கூரியரில்தான் அடிபட்டன என்று உறுதியாகச் சொல்ல முடியாது; பெட்டியில் அடுக்கும்போது ஒன்றோடொன்று ‘டக்’கென்று மோதியிருந்தாலும் போதும். உலோகத்தோடு உலோகம் மோதும்போது நிற்கும் தூரம் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை.

பபுள் ராப்பின் குறை இதுதான்: பாரம் தாங்காத இடத்தில் குமிழ் உடைகிறது, உடைந்த பின் அது வெறும் பிளாஸ்டிக் தாள். தெர்மாகோல் ஒருமுறை நசுங்கினால் மீண்டு எழாது. இரண்டாவது அடிக்கு அங்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது. டிஸ்குகளுக்கெனத் தனித்தனிக் குழி வெட்டிய நுரைப் பெட்டிகள் கிடைக்கின்றன. புதிய டிஸ்குகள் மொத்தமாக வரும் பெட்டிகளே அப்படிப்பட்டவைதாம், அவற்றைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது நல்ல பழக்கம். சுற்றிலும் குறைந்தது 5 சென்டிமீட்டர் நுரை, டிஸ்குக்கும் டிஸ்குக்கும் நடுவே சுவர், அந்தப் பெட்டியை உள்ளடக்கிய இன்னொரு வெளிப்பெட்டி ஆகியவை வேண்டும். நுரை மெத்தென்று இருந்தால் நல்லது என்று எண்ண வேண்டாம். அதிகம் மென்மையாக இருந்தால் பாரத்தில் அடிவரை அமுங்கிப்போய்த் தரையிலேயே மோதும், அதிகம் கடினமாக இருந்தால் அமுங்கவே அமுங்காது.

சிறிய பெட்டி பத்திரமானது என்ற நம்பிக்கையும் தவறு. பேக்கிங் சோதனைக்கான இஸ்டா 1ஏ முறையில், 10 கிலோவுக்குள் இருக்கும் பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டுப் பார்க்கிறார்கள். 28 கிலோவைத் தாண்டிய பெட்டிக்கு அந்த உயரம் 31 சென்டிமீட்டர்தான். இலேசான பெட்டியை மனிதர்கள் எறிவார்கள், கனத்த பெட்டியை இருவராகச் சேர்ந்து இறக்குவார்கள் என்ற அனுபவமே அந்த எண்களில் இருக்கிறது. எட்டு டிஸ்குகளின் எடை சுமார் ஐந்தரைக் கிலோ. அது எறியப்படும் வகை.

நிலைமின்சாரம் பற்றி நீங்கள் கேட்கவில்லையென்றாலும் சொல்லியாக வேண்டும். சாதாரணப் பபுள் ராப் உரசலில் மின்னேற்றம் கொள்ளும். நம் விரலுக்குச் சுரீரென்று உணர்வு தட்டவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சில மின்னணுப் பாகங்கள் 100 வோல்ட்டுக்கும் குறைவிலேயே கெடும். அதனால் ஒன்றும் உணரவில்லை என்பது ஒன்றும் நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது. கடைகளில் கிடைக்கும் இளஞ்சிவப்புப் பை தன்னளவில் மின்னேற்றம் கொள்ளாமல் இருக்கும், அவ்வளவே. வெளியிலிருந்து வரும் மின்பொறியை அது தடுக்காது. உலோகப் படலம் கொண்ட வெள்ளி நிறப் பைதான் தடுக்கும். டிஸ்க் முதலில் அந்தப் பைக்குள், பிறகு நுரைக்குள்.

கேள்வி: டேட்டா சென்டரிலிருந்து இறக்கிய ஸ்டோரேஜ் பெட்டியை லாரி ஏற்றும் மேடையில் வைத்திருந்தோம். அரை மணி நேரத்தில் உலோக மூடியின் மேல் நீர் முத்துமுத்தாக நின்றது. மழையே இல்லை. உள்ளேயும் ஈரம் இருந்திருக்குமா?
– பொறியாளர், அம்பத்தூர்

பதில்: இருந்திருக்கும். சென்னையில் வெப்பநிலை 30 டிகிரியும் ஈரப்பதம் 75 விழுக்காடும் உள்ள ஒரு சாதாரண மாலையில், 25 டிகிரிக்குக் குறைவாகக் குளிர்ந்திருக்கும் எந்தப் பொருளின் மேலும் காற்றின் ஈரம் நீராகப் படியும். உங்கள் அறை 20 அல்லது 22 டிகிரியில் இருந்திருக்கும். குளிர்பானப் புட்டி வியர்ப்பதுபோல அந்தப் பெட்டி வியர்த்திருக்கிறது. காற்றோட்டத் துளைகள் வழியே உள்ளே போன காற்றும் அங்கே அதையே செய்திருக்கும்.

டேட்டா சென்டருக்கு உள்ளே கொண்டுபோகும்போது மட்டுமே கவனம் தேவை என்று பலர் நினைக்கிறார்கள். நம் கடற்கரை ஊர்களில் வெளியே எடுக்கும்போதுதான் ஆபத்து முதலில் வருகிறது. ஆகவே பெட்டியை உள்ளே, குளிர்ந்த வறண்ட காற்றிலேயே பிளாஸ்டிக் உறையிட்டு, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாதபடி ஒட்டிவிட்டுப் பிறகு வெளியே கொண்டுவர வேண்டும். அப்போது வியர்வை உறையின் வெளிப்புறத்தில் நிற்கும். குளிர்சாதன வண்டியிலோ விமானத்திலோ வந்த சரக்குக்கும் இதே விதி: சூழலின் வெப்பத்துக்கு வரும்வரை உறையைப் பிரிக்கக் கூடாது. உறையைப் பிரித்ததும் மின்சாரம் கொடுத்துவிடவும் கூடாது. கனமான பெட்டியின் நடுப்பகுதி வெளிப்புறத்தைவிட வெகு மெதுவாகவே மாறும் என்பதால் ஓர் இரவாவது, டேப் கார்ட்ரிட்ஜ் என்றால் முழு 24 மணி நேரமாவது விட்டுவையுங்கள். ஏற்கெனவே நனைந்த உங்கள் பெட்டியைக் குளிரூட்டிய வறண்ட அறையில் மூடி திறந்து உலரவிட்டு, இணைப்பு முனைகளில் பச்சை அல்லது வெள்ளைப் படிவு இருக்கிறதா என்று பார்த்த பின்பே இயக்குங்கள்.

கேள்வி: முழு ரேக்கையும் பிரிக்காமல் அப்படியே தள்ளிக்கொண்டு போகலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர்.
– வாசகர், ஓசூர்

பதில்: கருவிகளை அடுக்கிப் பொருத்தும் சட்டமான ரேக்கின் விவரத்தாளில் அவர் இரண்டு எண்களைக் காட்டட்டும். நிலையாக நிற்கும்போது தாங்கும் எடை ஒன்று, உருட்டும்போது தாங்கும் எடை மற்றொன்று; பின்னது எப்போதும் குறைவு. பாரத்தோடு லாரியில் பயணம் செய்யலாம் என்று தயாரிப்பாளர் தனியாக எழுதித் தந்த ரேக்குகளும் அவற்றுக்கெனச் சரிவுப்பாதையோடு வரும் அதிர்ச்சி தாங்கும் மரப்பீடங்களும் உண்டு. உங்கள் ரேக் அந்த வகை இல்லையென்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும். அந்த வகையே ஆனாலும் கனமானவை கீழே, மேற்பாதி காலி என்று அமைத்து, லிப்டின் தாங்குதிறன், கதவின் உயரம், உயர்த்தப்பட்ட தளத்தின் ஓடுகள் ஒவ்வொன்றும் தாங்கும் புள்ளிப்பாரம் ஆகியவற்றை முன்கூட்டியே அளந்து வைத்திருக்க வேண்டும். இரண்டு மீட்டர் உயர ரேக் சாயத் தொடங்கினால் அதைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது. யாரும் அதற்குக் கை கொடுக்கக் கூடாது என்பதை ஏற்றும் தொழிலாளர்களிடம் முன்னரே சொல்லிவிடுங்கள். கருவியைவிட அவர்கள் கைகால்கள் பெரிது.

கேள்வி: எங்கள் கூட்டுறவு நிறுவனத்தின் பேக்கப் டேப்புகள் வாரந்தோறும் வேறோர் ஊருக்குப் போகின்றன. இதுவரை ஒன்றும் தொலையவில்லை. என்க்ரிப்ஷன் போட்டால் வேகம் குறையும் என்று தயங்குகிறோம்.
– உள் தணிக்கையாளர், திருச்சி

பதில்: தயங்க வேண்டாம். என்க்ரிப்ஷன் என்பது, சாவி எனப்படும் ரகசியக் குறியீடு இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி தரவை மாற்றி எழுதுவது. பேக்கப்புக்குப் பரவலாகப் பயன்படும் எல்.டி.ஓ. டேப்புகளில் 2007-இல் வந்த நான்காம் தலைமுறையிலிருந்தே என்க்ரிப்ஷன் டிரைவின் வன்பொருளிலேயே நடக்கிறது. வேக இழப்பு உணரும்படியாக இராது. சாவியை மட்டும் டேப்போடு ஒரே பையில் அனுப்பிவிடாதீர்கள். அதேபோல் சாவியின் பிரதி இல்லாமலும் இருந்துவிடாதீர்கள், சாவி தொலைந்தால் டேப் தொலைந்ததற்குச் சமம்.

இதுவரை தொலையவில்லை என்பதற்கு 2007-ஆம் ஆண்டு பிரிட்டனில் நடந்ததை நினைவூட்டுகிறேன். அந்நாட்டின் வருவாய், சுங்கத் துறை, குழந்தைகள் நல உதவித்தொகை பெறும் குடும்பங்களின் விவரங்களை இரண்டு குறுந்தட்டுகளில் பதிந்து, லண்டனில் உள்ள தேசியத் தணிக்கை அலுவலகத்துக்கு அக்டோபரில் அனுப்பியது. பதிவு செய்யாத அஞ்சல் அது. தட்டுகளுக்குக் கடவுச்சொல் இருந்தது, என்க்ரிப்ஷன் இல்லை. அவை போய்ச் சேரவில்லை. பெயர், முகவரி, பிறந்த தேதி, சிலருக்கு வங்கிக் கணக்கு என இரண்டரைக் கோடிப் பேரின் விவரங்கள் அவற்றில் இருந்தன. நவம்பர் 20 அன்று நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் அதை அறிவிக்க நேர்ந்தது. துறையின் தலைவர் பதவி விலகினார். இந்தியாவிலும் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறியதற்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது.

டேப்பைக் கையாள்வதைப் பொறுத்தவரை, கார்ட்ரிட்ஜ்களைப் படுக்கவைத்து அடுக்காமல் நூல்களைப்போல நிமிர்த்தி, அசையாத குழிகள் உள்ள கடினமான பெட்டியில் வையுங்கள். எல்.டி.ஓ.-8 கார்ட்ரிட்ஜில் 960 மீட்டர் நாடா சுற்றப்பட்டிருக்கிறது. ஒருமுறை கீழே விழுந்தால் நாடாவின் முனையைப் பிடித்திருக்கும் சிறு ஊசி நழுவிவிடலாம், அதைப் பார்க்காமல் டிரைவில் செருகினால் டிரைவும் கெடும். பெட்டிக்கு எண்ணிட்ட சீல் போடுங்கள். கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் சீல் எண்ணை எழுதிக் கையொப்பமிட வேண்டும். ஒரே வாரத்தின் இரண்டு பிரதிகளும் ஒரே வண்டியில் போவதானால் உங்களிடம் இருப்பது ஒரு பிரதிதான்.

கேள்வி: இணையம் இத்தனை வேகமாக இருக்கும் காலத்தில் டிஸ்கை லாரியில் ஏற்றி அனுப்புவது பழைய பழக்கம் இல்லையா?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 டெராபைட் தரவை, வினாடிக்கு ஒரு கிகாபிட் இணைப்பில், வேறு யாரும் பயன்படுத்தாமல் முழுதாக ஓட்டினாலும் ஒன்பது நாட்களுக்கு மேல் ஆகும். ஒரு பெட்டாபைட், அதாவது 1,000 டெராபைட், என்றால் மூன்று மாதம். 2016-இல் அமேசான் நிறுவனம் 100 பெட்டாபைட் கொள்ளும் 45 அடிக் கன்டெய்னர் ஒன்றை லாரியில் கட்டி இதற்காகவே வெளியிட்டது. 2024-இல் அந்தச் சேவை நிறுத்தப்பட்டது.

இதைவிட நல்ல சான்று வானியலில் இருக்கிறது. 2019 ஏப்ரல் 10 அன்று வெளியான கருந்துளையின் முதல் படத்தை உருவாக்கிய ஈவென்ட் ஹொரைசன் டெலஸ்கோப் குழுவினர், 2017 ஏப்ரலில் உலகின் ஆறு இடங்களில் இருந்த எட்டுத் தொலைநோக்கிகளால் பதிவு செய்த தரவு சுமார் 5 பெட்டாபைட். அது முழுவதும் ஹார்டு டிஸ்குகளில் ஏறி, அமெரிக்காவின் ஹேஸ்டாக் ஆய்வகத்துக்கும் ஜெர்மனியின் பான் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் வானொலி வானியல் நிறுவனத்துக்கும் விமானத்தில் போய்ச் சேர்ந்தது. காற்று அடைத்த சாதாரண டிஸ்குகள் சுமார் 3,000 மீட்டர் உயரத்துக்கு மேல் ஓடுவதற்கு ஏற்றவை அல்ல, ஏனெனில் வாசிப்புத் தலையை மிதக்கவைப்பது காற்றுதான். சிலியின் அல்மா தொலைநோக்கி சுமார் 5,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதனால் அவர்கள் ஹீலியம் நிரப்பி மூடிய டிஸ்குகளைப் பயன்படுத்தினார்கள். ஓடாத நிலையில் இந்த உயர எல்லை சுமார் 12,000 மீட்டர் என்பதால் சாதாரண டிஸ்கும் விமானத்தில் பயணம் செய்யலாம்; விமான நிலைய எக்ஸ்ரேயும் ஹார்டு டிஸ்கையோ டேப்பையோ அழிக்காது.

தென்துருவத்தில் பதிவான டிஸ்குகளின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே குளிர்காலத்தில் விமானங்கள் இறங்க முடியாது. ஏப்ரலில் நிரம்பிய டிஸ்குகள் அங்கேயே காத்திருந்து, அந்த ஆண்டு டிசம்பரில்தான் ஹேஸ்டாக்கை அடைந்தன. வந்தவுடன் செருகிவிடாமல், அவை அறையின் வெப்பத்துக்கு வரும்வரை மீண்டும் காத்திருந்தார்கள். அம்பத்தூர் வாசகருக்குச் சொன்ன அதே காரணம்தான். எட்டு மாதம் பொறுத்தவர்களுக்கு இன்னும் ஒரு நாள் பொறுப்பது கடினமாக இருந்திருக்காது.

கேள்வி: பேட்டரியோடு விமானத்தில் அனுப்பலாமா? இ-வே பில், காப்பீடு பற்றியும் சொல்லுங்கள்.
– பலர்

பதில்: ரெய்டு கன்ட்ரோலர்களில் சிறு லித்தியம் பேட்டரி இருக்கக்கூடும், அதைச் சரக்கு விவரத்தில் மறைக்காமல் எழுதுங்கள். கருவியோடு சேராமல் தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயான் பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் 1 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. சரக்கு விமானத்திலும் 30 விழுக்காட்டுக்கு மேல் மின்னேற்றம் இருக்கக் கூடாது. யு.பி.எஸ். பேட்டரிகளைச் சாலை வழியே தனியாக அனுப்புவதே எளிது.

தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும், மாநிலம் தாண்டினால் 50,000 ரூபாய்க்கு மேலும் மதிப்புள்ள சரக்குக்கு, இணையத்தில் எடுக்கும் சரக்குப் போக்குவரத்துச் சீட்டான இ-வே பில் வேண்டும். விற்பனை இல்லாமல் சொந்தக் கருவியை மாநிலத்துக்குள்ளேயே மாற்றினாலும் டெலிவரி சலானோடு அது தேவை. 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லுபடியாகும், ஆகவே மதுரை வாசகருக்கு மூன்று நாள் கிடைக்கும். காப்பீட்டில் உள்நாட்டுப் போக்குவரத்துக்கான பி வகை, தீ, மோதல், வண்டி கவிழ்தல் போன்று பெயர் சொல்லப்பட்ட விபத்துகளை மட்டும் ஏற்கும்; குலுங்கிக் கெட்ட டிஸ்குக்கு அதில் இடம் இல்லை. ஏ வகையைக் கேளுங்கள். அதிலும் பேக்கிங் போதாமையால் வந்த சேதம் விலக்கப்பட்டிருக்கும் என்பதால், பெட்டியை மூடும் முன் ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்து வைத்திருப்பது பயன்படும். கருவியின் விலைதான் கிடைக்கும். அதில் இருந்த தரவின் விலை எந்தப் பாலிசியிலும் தானாக வந்துவிடாது.

கேள்வி: பெட்டியில் ஒட்டியிருந்த அதிர்ச்சி காட்டும் ஸ்டிக்கர் சிவந்து வந்தது. சரக்கைத் திருப்பி அனுப்பிவிட வேண்டுமா?
– கிடங்குப் பொறுப்பாளர், ஸ்ரீபெரும்புதூர்

பதில்: திருப்ப வேண்டாம், திருப்பினால் அது இன்னொரு பயணம். ஸ்டிக்கர் சிவந்ததால் உள்ளே கருவி கெட்டுவிட்டது என்று ஆகாது. அது வெளிப்பெட்டி பட்ட அடியைச் சொல்கிறது. எத்தனை ஜி-யில் நிறம் மாறும் என்பது ஸ்டிக்கரின் நிறவகையைப் பொறுத்து 25-லிருந்து 100 வரை மாறும், உள்ளே இருக்கும் நுரை அதில் எவ்வளவை விழுங்கியது என்று அதற்குத் தெரியாது. சிவக்காததாலும் எல்லாம் நலம் என்று ஆகாது. மெல்லிய இடைவிடாத அதிர்வை அது காட்டாது.

ஓட்டுநர் நிற்கும்போதே படம் எடுங்கள். லாரி ரசீதின் இரு பிரதிகளிலும் “ஸ்டிக்கர் சிவந்த நிலையில் பெறப்பட்டது” என்று எழுதிய பிறகே கையொப்பமிடுங்கள். நல்ல நிலையில் பெற்றதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டால் பின்னால் சொல்வது எடுபடாது. அனுப்பியவருக்கும் காப்பீட்டாருக்கும் அன்றே தெரிவியுங்கள். பெட்டியையும் நுரையையும் ஆய்வாளர் பார்க்கும்வரை எறியக் கூடாது. அனுப்பிய ஊரில் பிரதி இருக்கிறதா, அது திறந்து பார்க்கப்பட்டதா என்று ஒரு தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கு ஆம் என்று பதில் வந்த பிறகு டிஸ்குகளை இயக்கிப் பார்க்கலாம். இல்லை என்று வந்தால் ஒன்றையும் இயக்காமல் தரவு மீட்கும் நிபுணரை அழையுங்கள், ஏனெனில் அடிபட்ட தலை சுழலும் தட்டில் உரசும் முதல் சில வினாடிகளிலேயே மீட்கக்கூடியது மீட்க முடியாததாகிவிடும்.